வலை போட்டும் பூச்சி விழுகிறதா? மூங்கில் வலைக்கூண்டின் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பாத்திக்கு வலை போர்த்திப் பதினைந்து நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால், உள்ளே முட்டைக்கோசு இலை சல்லடையாகக் கிடக்கிறது. "காசு தண்டம்" என்று வலையைச் சுருட்டி மூலையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படிப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். பூச்சி வலைக்கு முன்பே உள்ளே இருந்ததா, வலையின் கண் அந்தப் பூச்சிக்குப் பெரிதா, ஓரம் மண்ணில் புதைந்திருக்கிறதா. பத்தில் ஒன்பது கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். எது என்று தெரியாமல் புது வலை வாங்கினால் புது வலையிலும் அதே புழுதான் இருக்கும்.

இங்கே சொல்லும் அளவுகளும் மாதங்களும் கீழ் பர்மாவுக்கு, அதாவது ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரியவை. மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை விடாத ஊர்கள் இவை. ஷான் மலைக் குளிருக்குக் கணக்கு வேறு.

முதலில், சரியான கூண்டு என்றால் என்ன அளவு

கோளாறு தேடுவதற்கு ஒப்பிட ஒரு அளவு வேண்டும். பாத்தி 3 அடி அகலம், 30 அடி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 2 அடி உயரம் வர, ஒவ்வொரு மூங்கில் வில்லும் 7 அடி நீளம் வேண்டும். அதில் ஐந்தரை அடி மேலே வளையும், இரு பக்கமும் 9 அங்குலம் மண்ணில் இறங்கும். பட்டை 1 அங்குல அகலம், கால் அங்குலக் கனம். 3 அடிக்கு ஒரு வில் என்றால் 30 அடிக்கு 11 வில். காற்று அடிக்கும் திறந்த வெளியில் 2 அடிக்கு ஒன்று, அதாவது 16 வில்.

வலையின் அகலம் குறைந்தது எட்டு அடி. வளைவுக்கு ஐந்தரை போக, பக்கத்துக்கு ஒன்றேகால் அடி மண்ணில் புதைக்கக் கிடைக்கும். நீளம் 37 அடி. இரண்டு முனையிலும் மூன்றரை அடி விட்டால்தான் முடிச்சுப் போட்டு முளையில் கட்ட முடியும். கடையில் 6 அடி அகல வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், வில்லைத் தாழ்த்த வேண்டி வரும், இலை வலையில் உரசும். அங்கேயே பாதிக் கோளாறு தொடங்கிவிடுகிறது.

கண் அளவைக் கடைக்காரர் சொல்லை நம்பி வாங்காதீர்கள். ஒரு அடிக்கோலை வலைமேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். சாதாரணக் கொசுவலையில் 12, 13 கண் வரும். இது பழ ஈ, பூசணி வண்டு, பெரிய அந்துப்பூச்சி, சிட்டுக்குருவி வரைக்கும் தடுக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. முட்டைக்கோசு, பூக்கோசு, கைலான் (சீனக் கோசுக் கீரை), மொன்ஞின் (கடுகுக் கீரை), முள்ளங்கிக்கு 32 கண் வேண்டும். வெள்ளை ஈக்கு 50 கண், அதாவது கால் மில்லிமீட்டரை ஒட்டிய துளை. இலைப்பேன் அதிலும் நுழைந்துவிடும். அதை வலையால் மட்டும் நிறுத்த முடியாது.

மலேரியாவுக்காக வீட்டுக்குக் கொடுத்த மருந்து தோய்த்த கொசுவலையைத் தோட்டத்துக்கு எடுக்க வேண்டாம். அது பிள்ளைகள் தூங்கும் இடத்தில் தொங்க வேண்டியது. அதன் மருந்து கீரையில் ஏறுவதும் நல்லதல்ல, கண் அளவும் கீரைப் பூச்சிக்குப் பயன்படாது.

வலைக்குள் கோசில் பச்சைப்புழு

புழு எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். வலையை எடுப்பதற்கு முன் வெளியிலிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓரத்துச் செடிகளில் மட்டும், அதுவும் வலையைத் தொடும் இலைகளில் மட்டும் புழு இருந்தால், அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் வேலை. சாம்பல் நிறச் சின்ன அந்து, மாலையில் பறக்கும். வலைக்கு வெளியே உட்கார்ந்தபடியே, இலை வலையில் ஒட்டியிருக்கும் இடத்தில் கண் வழியாக முட்டை வைத்துவிட்டுப் போகும். தீர்வு எளிது. ஓரச் செடியைப் பாத்தி விளிம்பிலிருந்து 8 அங்குலம் உள்ளே நடுங்கள். ஏற்கெனவே நட்டாகிவிட்டதென்றால், உரசும் கீழ் இலைகளை ஒடித்துவிட்டு, இரண்டு வில்லுக்கு நடுவே இன்னொரு வில் சொருகி வலையை விறைப்பாக இழுங்கள். இரண்டு வில்லுக்கு இடையில் தொய்ந்து கிடக்கும் வலைதான் இலையில் படுகிறது.

பாத்தி முழுக்கப் பரவலாக, செடிக்கு ஒன்று இரண்டாகப் புழு இருந்தால், நாற்றோடு வந்தது. நாற்றங்காலில் வலை இல்லாமல் 25 நாள் வளர்ந்த நாற்றில் முட்டை இருக்கத்தான் செய்யும். முட்டை பொரிக்க மூன்று நான்கு நாள். நம் வெயிலில் முட்டையிலிருந்து அந்து ஆக இரண்டு மூன்று வாரம். கூண்டுக்குள் குளவியும் வராது, குருவியும் வராது. ஆகவே உள்ளே மாட்டிய புழுவுக்கு அது பாதுகாப்பான வீடு. நட்ட ஆறாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் ஒரு பக்கத்து வலையைத் தூக்கி, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, புழுவைக் கையால் நசுக்குங்கள். 30 அடிப் பாத்திக்கு அரைமணி நேரம் ஆகும். இரண்டு முறை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். அதிகமாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் நுண்ணுயிர்த் தூளை, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கரைத்து மாலை வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள். புழு தின்றால்தான் அது வேலை செய்யும். பெரிய புழுவைவிடச் சின்னப் புழுவை நன்றாகக் கொல்லும். காலையில் தெளித்தால் வெயிலில் வீரியம் போய்விடும்.

ஒரே இடத்தில் நான்கைந்து செடி மட்டும் எலும்புக்கூடாக, மற்றவை சுத்தமாக இருந்தால் புகையிலை வெட்டுப்புழு. தாய் அந்து ஒரே இலையில் நூற்றுக்கணக்கான முட்டையைக் குவியலாக வைத்து, மேலே மயிர் போர்த்திவிடும். இது ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒரே ஓர் அந்து நுழைந்ததற்கு அடையாளம், அல்லது மண்ணிலிருந்து வந்தது. இந்தப் புழு கூட்டுப்புழுவாகும்போது மண்ணுக்குள் இறங்கும். முந்தைய பயிரில் இது இருந்து, பறித்த மறுவாரமே அதே பாத்தியில் நட்டு வலை போட்டால், அந்து கூண்டுக்குள்ளேயே வெளிவரும். பறித்தபின் மண்ணைப் புரட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள். கோழி இருந்தால் மேயவிடுங்கள். நெல் அறுத்த வயலில் போடும் முதல் காய்கறிக்கு இந்தத் தொல்லை குறைவு. நான்கு மாதம் தண்ணீர் நின்ற மண்ணில் கூட்டுப்புழு பிழைக்காது. முதல் தடவை வலைக்கூண்டு போட்டுப் பார்க்க நினைப்பவர் நவம்பரில் நெல் வயலில் தொடங்குவது நல்லது.

கோசின் நடுக்குருத்து நூலாம்படையோடு பின்னிக் கிடந்து, செடி தலையே கட்டாமல் இரண்டு மூன்று குருத்தாகப் பிரிந்தால், குருத்துப் புழு. இதுவும் நாற்றங்காலில் பிடித்ததுதான். அந்தச் செடி இனித் தேறாது. பிடுங்கிவிட்டு மாற்று நாற்று நடுங்கள். இதற்காகவே நூற்றுக்குப் பத்து நாற்று கூடுதலாக வலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

கீரையில் குண்டூசி குத்தியது போல் ஓட்டைகள்

மொன்ஞின், கைலான், முள்ளங்கி இலையில் சின்னச் சின்ன வட்ட ஓட்டை. இலையைத் தொட்டால் கருப்பாக ஒன்று துள்ளி மறைகிறது. துள்ளு வண்டு. இது கீரையின் எடையைக் குறைப்பதைவிட விலையைக் குறைக்கிறது. ஓட்டைக் கீரையைச் சந்தையில் கட்டாக வாங்க மாட்டார்கள்.

கொசுவலை போட்டிருந்தால் காரணம் வலைதான். 32 கண்ணுக்கு மாறுங்கள். 32 கண் வலை போட்டும் இருக்கிறதென்றால் காரணம் மண். இந்த வண்டின் புழு மண்ணுக்குள் கடுகு இனத்து வேரைத் தின்று வளர்கிறது. அதே பாத்தியில் முந்தைய போகமும் மொன்ஞினோ முள்ளங்கியோ இருந்திருந்தால், வலைக்கு அடியில் புது வண்டு முளைத்துக்கொண்டே இருக்கும். அதை எந்த வலையும் நிறுத்தாது. நடுவில் ஒரு போகம் வெண்டையோ தட்டைப்பயறோ கசூன் கீரையோ (வள்ளைக்கீரை) சிம்பவுங்கோ (புளிச்சக்கீரை) போட்டுவிட்டு, பிறகு கடுகு இனத்துக்கு வாருங்கள். பாத்தி ஓரத்துக் களைகளில் கடுகுச் செடி தானாக முளைத்திருந்தால் அதையும் பிடுங்க வேண்டும்.

இப்போது நிற்கும் பயிரைக் காப்பாற்ற, விடியற்காலையில் குளிரில் வண்டு மந்தமாக இருக்கும்போது, விளக்கெண்ணெய் பூசிய மஞ்சள் தகட்டைச் செடிக்கு மேலே பிடித்து, குச்சியால் இலையைத் தட்டிக்கொண்டே போங்கள். துள்ளுகிறவை தகட்டில் ஒட்டும். முழுத் தீர்வு அல்ல. பறிப்புவரை தாக்குப்பிடிக்க உதவும்.

பூச்சி குறைந்தது, அசுவினி மட்டும் பெருகியது

தட்டைப்பயறு நுனியிலும் கோசின் உள்இலையிலும் கொத்துக் கொத்தாக அசுவினி, இலை பிசுபிசுக்கிறது, எறும்பு வரிசை ஏறுகிறது. வலை போட்டதால்தானா என்று கேட்டால், ஓரளவு ஆமாம். ஒன்றிரண்டு அசுவினி நாற்றோடு உள்ளே வந்தால் போதும். இது ஆண் துணையில்லாமலேயே குட்டி போடும். வெளியே என்றால் பொறிவண்டு தின்னும். பொறிவண்டு 32 கண் வலைக்குள் வர முடியாது. தழைச்சத்து அதிகம் போட்ட பாத்தியில் இது இன்னும் வேகமாகப் பெருகும். யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

முதலில் எறும்பை நிறுத்துங்கள். எறும்பு இருக்கும்வரை அசுவினிக்குக் காவல் இருக்கிறது. பிறகு மாலையில் எண்ணெயில் செய்த சோப்பை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சீவிக் கரைத்து, அசுவினி மேல் நேராகப் படும்படி தெளியுங்கள். படாத அசுவினிக்கு ஒன்றும் ஆகாது. சலவைத்தூள் கூடாது, இலை கருகும். முதலில் இரண்டு செடியில் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அடியுங்கள். வெளியே களையில் பொறிவண்டு கிடைத்தால் பத்துப் பதினைந்தைப் பிடித்துக் கூண்டுக்குள் விடுவது மலிவான, நல்ல வேலை. அதன் புழு கருப்பாக, முதலை போல் இருக்கும். பூச்சி என்று நினைத்து நசுக்கிவிட வேண்டாம்.

மிளகாய், தக்காளி இலை சுருளுகிறது

இங்கே கவனமாகப் பாருங்கள். இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிளகாய் இலை கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போல் வளைந்து, காம்பு நீண்டிருந்தால் சிலந்திப் பேன். அது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, எந்த வலையிலும் நுழையும். நனையும் கந்தகத்தை மாலையில் தெளிப்பதுதான் வழி. உச்சி வெயிலில் தெளித்தால் இலை எரியும். இலை மேல்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளி போல் மின்னினால் இலைப்பேன். மேல்நோக்கிக் கிண்ணம் போல் சுருண்டு, ஓரம் மஞ்சளாகி, புது இலை சிறுத்து, செடி குட்டையாக நின்றுவிட்டால் வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி நோய்.

கடைசியில் சொன்னதற்கு மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் போட்டு எடுத்துச் சென்று எரிப்பதுதான் வழி. அப்படியே வயலில் இழுத்துக்கொண்டு போனால், அதிலிருக்கும் வெள்ளை ஈ மற்ற செடிக்குப் பறக்கும்.

தக்காளியும் மிளகாயும் எவ்வளவு இளசில் இந்த நோயை வாங்குகின்றனவோ அவ்வளவு நட்டம். நாற்றில் பிடித்தால் காயே இல்லை. காய் பிடித்தபின் வந்தால் பறிப்பு ஓரளவு கிடைக்கும். அதனால் கையில் இருக்கும் காசுக்குக் கொஞ்சம் 50 கண் வலைதான் வாங்க முடியும் என்றால், முழு வயலையும் மூட நினைக்காமல் நாற்றங்காலுக்குப் போடுங்கள். எங்கள் கணக்கில், காய்கறித் தோட்டத்தில் வலைக்குச் செலவழிக்கும் காசில் மிக நன்றாகத் திரும்பி வருவது இதுதான்.

நாற்றுப்பெட்டி 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம். மூங்கில் சட்டம் கட்டி, மேலேயும் நான்கு பக்கமும் வலை தைத்தால் 54 சதுர அடி. கீழே மண்ணில் புதைக்கச் சுற்றிலும் 6 அங்குலம் கூட்டினால் இன்னும் 9. தையலை இரண்டாக மடித்துப் போடுங்கள்; ஊசித் துளை வரிசையே வெள்ளை ஈக்கு வாசல். நீர் தெளிக்க ஒரு பக்கம் மட்டும் திறக்க வேண்டும். அதுவும் காற்று அடங்கிய காலையில், மஞ்சள் சட்டை தவிர்த்து. மஞ்சள் உடுத்திக்கொண்டு போனால் வெள்ளை ஈ துணியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். பெட்டியைக் கால் வைத்து உயர்த்தினால், காலைப் பழைய டப்பாவில் நிறுத்தித் தண்ணீர் விடுங்கள். எறும்பும் நத்தையும் ஏறாது. தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் கொசு முட்டையிடாது. 25 முதல் 30 நாள் இதற்குள் வளர்ந்த நாற்று, வெளியே நட்டபின் நோய் வாங்கினாலும் வலுவோடு நிற்கும்.

பூ நிறையப் பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

வெள்ளரி, பாகல், பீர்க்கு, சுரை, பூசணி என்றால் காரணம் நீங்களே போட்ட வலை. தேனீ உள்ளே வர வழியில்லை. இந்த இனத்துக்கு வலையை நட்ட நாளிலிருந்து முதல் பெண் பூ வரும்வரை வையுங்கள். சிவப்புப் பூசணி வண்டு இளம் செடியை மொட்டையடிக்கும் காலம் அதுதான். அடியில் குட்டிக் காயோடு பூ தெரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் தாமதித்தால் ஒரு வாரக் காய் போயிற்று.

வலையை எடுக்காமலே காய் வேண்டுமென்றால் கையால் மகரந்தம் சேர்க்கலாம். காம்பு மட்டும் உள்ளது ஆண் பூ. அதன் இதழைக் கிழித்துவிட்டு, நடுத் தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். வெள்ளரி, பாகல், பூசணிக்குக் காலை ஒன்பது மணிக்குள். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. அவற்றுக்குப் பொழுது சாயும் நேரம். காலையில் போய்ச் சுரைப்பூவைத் தேய்த்துவிட்டுப் பிடிக்கவில்லையே என்று பார்ப்பதில் பயனில்லை.

வலை எடுத்ததும் பழ ஈ வரும். பிஞ்சில் பழுப்புப் புள்ளி, கோந்து வடிவது, காய் கோணுவது அதன் அடையாளம். பூ உதிர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளே பிஞ்சுக்குப் பை மாட்டுங்கள். இரண்டு மடிப்புச் செய்தித்தாளைக் குழல் போல் ஒட்டி, மேலே காம்பில் வாழை நாரால் இறுக்குங்கள்; கீழ் வாயையும் மடித்துக் குத்துங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் உள்ளே முட்டையோடு பை மாட்டியதாகிவிடும். மழையில் தாள் நனைந்து கிழியும். அப்போது பழைய லுங்கித் துணிப் பை. விழுந்த காயை வயலில் விட்டால் புழு மண்ணுக்குப் போய் ஈயாகித் திரும்பும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் வையுங்கள், அல்லது இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய் தேனீ இல்லாமலே காய்க்கும். ஆனால் கூண்டுக்குள் காற்று அசைவு குறைவு என்பதால் மகரந்தம் உதிராது. காலையில் செடியைக் கட்டிய குச்சியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். திஞ்சான் (பர்மியப் புத்தாண்டு) நெருங்கும் மார்ச், ஏப்ரல் சூட்டில் தக்காளிப் பூ உதிர்ந்தால் அது வெப்பத்தால், தட்டியும் பயனில்லை.

உச்சிவேளையில் செடி தலை தொங்குகிறது, இலை ஓரம் கருகுகிறது

வலை எவ்வளவு நெருக்கமோ உள்ளே அவ்வளவு சூடு. 50 கண் வலையைக் கோடையில் 2 அடி உயரக் கூண்டுக்குப் போடுவது கீரையை அவிப்பதற்குச் சமம். மாலையில் செடி நிமிர்ந்துவிடுகிறதா பாருங்கள். நிமிர்ந்தால் சூடு; நிமிராவிட்டால் வேரில் நோயோ தண்ணீர்க் குறையோ.

சூடு என்றால் வில்லை 9 அடிப் பட்டையாக மாற்றி, உயரத்தை மூன்றடிக்குக் கொண்டுபோங்கள். அதற்கு வலையும் பத்தடி அகலம் வேண்டும். தண்ணீரை விடியற்காலையில் பாய்ச்சுங்கள், பாத்திமேல் வைக்கோல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். வலைமேல் இன்னொரு நிழல் துணி போடுவது காற்றை இன்னும் அடைக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஓரடி இடைவெளி விட்டு மேலே தனிப் பந்தலாகக் கட்டுங்கள். மார்ச்சுக்குப் பிறகு கோசை விட்டுவிட்டு வெண்டையும் கசூனும் போடுவதே எங்களுக்குச் சரியாகப் படுகிறது.

மழைக்காலத்தில் நாற்று அழுகிச் சாய்கிறது

ரங்கூனில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல், மோல்மேனில் அதைவிட மிக அதிகமாக மழை. வலை மழையைத் தடுக்காது. துளியைச் சிதறடிக்கும், அவ்வளவுதான். நாற்றுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் வேண்டும். தவறு நடக்கும் இடம் எதுவென்றால், தாளைத் தரைவரை இறக்கிவிடுவது. உள்ளே வியர்த்து, இலை காயாமல், நாற்றின் கழுத்து மண் மட்டத்தில் நூல் போல் சுருங்கிச் சாய்கிறது. தாள் மேல்பகுதியை மட்டும் மூடட்டும். பக்கவாட்டில் கீழ் ஒரு அடி தாளின்றி, வலை மட்டும் இருக்கட்டும். நாற்றை நெருக்கமாகத் தூவாமல் 3 அங்குல வரிசையில் விதையுங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். சாய்ந்த இடத்து மண்ணை ஒரு சாண் சுற்றளவுக்கு அள்ளி வெளியே போட்டுவிடுங்கள்.

தாளின் நடுவில் தண்ணீர் குளம் கட்டினால் வில் முறியும். உச்சியில் ஒரு நைலான் கயிற்றை வில்லுக்கு வில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து, இரு முனையிலும் சாய்வாக அடித்த முளையில் கட்டினால் தொய்வு வராது.

வளர்ந்த பயிரின் பாத்தியே குளமாகிறதென்றால், வலை ஓரத்தைப் புதைக்கும்போது வாய்க்காலை மண்ணால் அடைத்துவிட்டீர்கள். வலை ஓரம் பாத்தியின் தோளில்தான் புதைய வேண்டும்; வாய்க்காலில் அல்ல. மழைப் போகத்துக்குப் பாத்தி ஓரடி உயரம் இருக்கட்டும்.

வில் முறிகிறது, வலை கிழிகிறது, பறக்கிறது

வில்லைத் தட்டினால் மாவு கொட்டுகிறதா? மூங்கில் வண்டு துளைத்திருக்கிறது. அது தேடுவது மூங்கிலில் உள்ள மாச்சத்தை. மூன்று வயதான மூங்கிலைக் குளிர்காலத்தில் வெட்டி, குட்டையிலோ வாய்க்காலிலோ மூன்று நான்கு வாரம் அமிழ்த்திவைத்து, பிறகு நிழலில் உலர்த்தினால் மாச்சத்து கரைந்து போகும். தண்ணீர் நாற்றமடிக்கும், அது சரிதான். வெட்டியதும் பிளந்து நட்ட பச்சை மூங்கில் ஒரே போகத்தில் போய்விடும். மண்ணில் இறங்கும் நுனியைக் கருக்கினால் கறையான் தாமதமாக வரும். பழைய என்ஜின் எண்ணெயில் தோய்க்கும் பழக்கம் வேண்டாம், அது கீரை வளரும் மண்.

வளைக்கும்போதே பட்டை வெடித்தால், தோல் பக்கத்தை உள்ளே வைத்து வளைத்திருக்கிறீர்கள். பச்சைத் தோல் வெளிப்பக்கம் வர வேண்டும். பலமான நார் அங்கேதான். தின்வா மூங்கில் பாய் முடைய நல்லது, ஆனால் சுவர் மெல்லியது. வில்லுக்குச் சுவர் தடித்ததை எடுங்கள். கணுவைக் கத்தியால் சீவி, விளிம்பைக் கண்ணாடித் துண்டால் வழித்துவிடுங்கள். வலை பெரும்பாலும் காற்றில் கிழிவதில்லை, கணுவில் உரசித்தான் கிழிகிறது.

வலை கைபட்டாலே பொடிந்தால், வெயில் தாங்கும் பக்குவம் செய்யாத வலை. அதை ஒட்டுப் போடுவது வீண். சின்ன ஓட்டை என்றால் அன்றே நூலால் தைத்துவிடுங்கள். ஓர் அந்து நுழைய ஓர் ஓட்டை போதும்.

ஓரத்தைக் கல் வைத்து அழுத்தினால் கல்லுக்குக் கல் நடுவே இடைவெளி இருக்கும். தொடர்ந்து மண் போடுங்கள். தினமும் திறக்க வேண்டிய ஒரு பக்கத்துக்கு மட்டும், மூங்கில் கழியில் வலை ஓரத்தைச் சுற்றிக் கட்டித் தரையில் உருட்டிவிட்டால் திறக்கவும் மூடவும் லேசாக இருக்கும். ஏப்ரல், மே மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் வங்கக் கடலில் புயல் என்று சேதி வந்தால் வலையையும் தாளையும் அவிழ்த்து எடுத்துவிடுங்கள். 2008 மே மாதத்து நர்கீஸ் போன்ற காற்றுக்கு எந்தக் கூண்டும் நிற்காது. வில் மட்டும் நின்றால் பிழைக்கும். வலையோடு நின்றால் வலை, வில், பயிர் மூன்றும் சேர்ந்து போகும்.

தண்டு அடியோடு வெட்டி, இலையில் பளபளப்பான கோடு

செடி தரைமட்டத்தில் வெட்டுண்டு கிடந்தால், அதன் அடியில் இரண்டு அங்குலம் கிளறுங்கள். சுருண்ட கருப்புப் புழு இருந்தால் வெட்டுப்புழு. புழு இல்லாமல், இலையிலும் வலையிலும் காய்ந்த பசைக்கோடு மின்னினால் நத்தை. பகலில் புதைத்த வலை ஓரத்தின் ஈர மடிப்பில்தான் ஒளிந்திருக்கும். மழைநாளில் மாலை ஏழு மணிக்குமேல் டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். கையில் உறை வேண்டும், நத்தை தொட்ட கையை வாயில் வைக்கக் கூடாது. வளை தோண்டிய மண் தெரிந்தால் எலி. கூண்டுக்குள் வைக்கோல் கனமாகக் கிடப்பதே அதற்குப் படுக்கை. வைக்கோலை மெல்லிசாக்கி, பாத்தியைச் சுற்றி இரண்டடி களையில்லாமல் வையுங்கள்.

பறிப்பு முடிந்ததும் வலையைச் சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். பாசியும் தூசியும் அடைத்த கண் வழியாக வெளிச்சமும் காற்றும் போகாது. அடுத்த போகத்தில் செடி வெளிறி நீளும். நிழலில் முழுக்கக் காயவைத்து, நீளவாக்கில் மடித்து, மூங்கிலில் சுற்றி, வீட்டு உத்தரத்திலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். தரையில் மூட்டையாக வைத்த வலையில் எலி கூடு கட்டும்.